தேதி இல்லாத கல்

ஆடி பிறந்துவிட்டால் அன்பரசனுக்கு வருடம் மாறிவிடும்.

சிவகாசி காலண்டர் அச்சகங்களில் புரூஃப் பார்க்கிற எல்லோருக்கும் அப்படித்தான். ஊர் முழுக்க 2024-இல் இருக்கும். அவர்கள் மட்டும் 2025-க்குள் போய் உட்கார்ந்துகொண்டு, இன்னும் விடியாத நாட்களுக்கு நல்ல நேரமும் ராகு காலமும் பண்டிகையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். விடுப்புக் கடிதத்தில் அடுத்த வருடத்தைப் போடுவதும், வங்கிச் சலானைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவதும் அங்கே சகஜம். "நம்ம ஆளுககிட்ட புள்ளைக்குப் பிறந்த தேதியக் கேட்டுப் பாரு, இன்னும் வராத தேதியச் சொல்லுவானுக" என்று மிஷின்மேன் கேலி செய்வார்.

அன்பரசன் அந்த வேலையில் கெட்டிக்காரன். ஒன்பது வருடத்தில் அவன் சிவப்பு மையால் 'சரி' போட்ட தாளில் ஒரு தப்பும் வெளியே போனதில்லை.

அப்பேர்ப்பட்டவன்தான் தன் மனைவியின் கல்லறைக் கல்லுக்குத் தப்பான வருடத்தை எழுதிக் கொடுத்திருந்தான்.

அது தெரியவந்தது தீபாவளிக்கு மறுநாள் காலையில். வெள்ளிக்கிழமை. அன்பரசனின் ஊரான ஆமத்தூரில் தெருவெல்லாம் வெடித்த காகிதம் சிவப்பாகக் கிடந்தது. மறுநாள் கல்லறைத் திருநாள். அன்று சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து ஒவ்வொரு கல்லறையாகத் தண்ணீர் தெளித்து மந்திரிப்பார் என்பதால், கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் புல் பிடுங்கிக்கொண்டும் சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டும் இருந்தார்கள். கல் வெட்டுகிற புகழேந்தி குட்டியானை வண்டியில் கல்லைக் கொண்டுவந்து, மூன்று ஆட்களோடு சேர்ந்து இறக்கி, மண்மேட்டின் பக்கத்தில் கட்டைகள் மேல் கிடத்தினான். கறுப்புக் கல். குனிந்தால் முகம் தெரிகிற அளவு பாலிஷ். அதில் தங்க நிறத்தில் எழுத்துகள்.

அன்பரசனின் மாமனார் தங்கச்சாமி ஏழாயிரம்பண்ணையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முப்பது வருடம் பட்டாசுக் கம்பெனிகளில் லோடு ஏற்றியவர். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. மகள் பானுப்பிரியா பிறந்த வருடம் ஒரு மருந்து அறை வெடித்ததில் போனவை. அவருக்கு எழுத்து தெரியாது. எண் தெரியும். பெட்டி எண்ணி எண்ணிப் பழகியது.

"படிங்க மாப்ள. ஒவ்வொண்ணாப் படிங்க. கேக்கேன்" என்றார்.

அன்பரசன் படித்தான். எம்.எஸ்சி., எம்.ஃபில்., வேதியியல். பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம். எங்கள் ஊரின் முதல் பட்டதாரிப் பெண். பட்டாசு ஆலையில் போர்மேன். ஏழாண்டு விபத்தில்லாப் பணிக்குக் கேடயம் பெற்றவர். நூறு குடும்பங்களின் பாதுகாப்பு. எங்கள் குலத்தின் பெருமை.

ஏழு வரி. ஒவ்வொரு வரிக்கும் தங்கச்சாமி தலையை ஆட்டினார். சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவருக்கு அது தெரிந்தது. தோள் நிமிர்ந்தது.

பிறகு குனிந்து, இருக்கிற மூன்று விரலில் ஒன்றைக் கடைசி வரியில் வைத்தார்.

"இங்கன பாருங்க மாப்ள. இது என்ன எண்ணு?"

"பதினாலு, ஏழு, ரெண்டாயிரத்து..." அன்பரசன் நிறுத்திவிட்டான்.

மறைவு 14.07.2025 என்று இருந்தது.

"அடுத்த வருசம் சாகப்போற புள்ளையவா மாப்ள இங்கன பொதைச்சு வச்சிருக்கோம்?"

புகழேந்தி சட்டைப்பையைத் துழாவி ஒரு தாளை எடுத்து நீட்டினான். "என்னைத் திட்டாதீக. அண்ணன் எழுதிக் கொடுத்ததுதான் இது. ஒரு புள்ளி மாத்தல."

அன்பரசனின் கையெழுத்துதான். தாளைத் திருப்பினான். முன்பக்கம் ஒரு தினசரிக் காலண்டர்த் தாளின் புரூஃப். பெரிய எழுத்தில் 14. ஜூலை 2025. திங்கட்கிழமை. ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. மூலையில் சிவப்பு மையில் அவனே போட்ட 'சரி'.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் அந்தத் தாள் மேஜைக்கு வந்திருக்கிறது. அவள் போன தேதி. அவன் பார்த்திருக்கிறான். நல்ல நேரத்தைச் சரிபார்த்து, 'சரி' போட்டு, வேறு தாள் கிடைக்காமல் அதன் முதுகிலேயே மாமனார் சொன்ன ஏழு வரியையும் எழுதியிருக்கிறான். ஒன்றும் உறைக்கவில்லை. ஜூலையிலிருந்தே அவனுக்கு எதுவும் உறைப்பதில்லை.

"இப்ப என்ன செய்யலாம், சொல்லு" என்றார் தங்கச்சாமி.

புகழேந்தி தலையைச் சொறிந்தான். "விருதுநகர்ல மிஷின் பூட்டிக் கெடக்கு. தீபாவளி லீவு. திங்கக்கெழமைதான் ஆளு வருவான். வேணும்னா அந்த அஞ்சைப் பசை போட்டு அடைச்சிட்டு, அது மேல நாலு வெட்டித் தங்கப் பூச்சு கொடுத்திரலாம். ஒரு மணி நேர வேலை. உத்துப் பாத்தாத் தெரியும்."

"எவன் உத்துப் பாக்கப் போறான்? அடைச்சிரு."

புகழேந்தி உளியை எடுக்கப் போனான். அன்பரசன் ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவனுக்கு அதுதான் சுலபம். ஆனால் கையிலிருந்த அந்தச் சிவப்புச் 'சரி' அவனை இன்னொரு 'சரி'க்குக் கொண்டுபோய்விட்டது.

ஜூன் மாதம். மதுரை ஆஸ்பத்திரி. ரத்தப் புற்று என்று தெரிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பானுப்பிரியாவுக்குத் தலையில் முடி இல்லை. வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"என் கல்லுல பேரு மட்டும் போடுங்க" என்றாள்.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"இப்பப் பேசாம? அப்பா பெரிய லிஸ்ட்டே சொல்லுவாரு. தெரியும் எனக்கு. விடாதீக. என்னைத் திரும்ப எழுப்புறதுக்குப் பேரு போதும். ஆண்டவர் கூப்புடும்போது 'எம்.எஸ்சி., எம்.ஃபில்., பானுப்பிரியா'ன்னா கூப்புடுவாரு?"

அவளே சிரித்தாள். இருமல் வந்தது. சாவைப் பற்றியும் உயிர்ப்பைப் பற்றியும் அவள் அப்படித்தான் பேசுவாள். நாளைக்கு லோடு வரும் என்று சொல்வதுபோல. வராமல் போகுமோ என்ற கேள்வியே அவளுக்கு எழாது.

படிப்பையும் வேலையையும் அவள் அற்பமாக நினைத்தவள் அல்ல. அவள் மேற்பார்வை பார்த்த அறைகளின் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகுமுன் வலது உள்ளங்கையை அதில் வைத்தால் உடம்பிலுள்ள மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பொறி பறக்காது. மற்ற கம்பெனிகளிலும் தகடு உண்டு, தொடத்தான் ஆள் கிடையாது. பானு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். தகட்டைத் தொடாமல் ஒரு பெண் உள்ளே போக முடியாது. நைலான் சேலையோடு வந்தால் வீட்டுக்கு. கொலுசு போட்டிருந்தால் கழற்று. சீசன் நேரத்தில் மேனேஜரே வந்து அவசரப்படுத்தினார். "சார், முதல்ல தகட்டத் தொட்டுட்டுப் பேசுங்க" என்றாளாம். ஏழு வருடம் அவள் அறையில் ஒரு பொட்டுத் தீ விழவில்லை. கேடயம் வந்தபோது ஆசையாகத் துடைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. இதைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போக முடியாதுல்ல. அப்பாவே வச்சிக்கிடட்டும்" என்று தகப்பனிடம் கொடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டதற்கு அன்பரசன் "சரி" என்றான். புரூஃப் தாளில் போடுகிற 'சரி' மாதிரி.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் தங்கச்சாமி அந்தக் கேடயத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து, கல்லில் என்னென்ன வரவேண்டும் என்று சொன்னார். அன்பரசன் மறுக்கவில்லை. மாமனாருக்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது. ஆமத்தூரில் நாலு பேர் அதைப் படிக்கவேண்டும் என்று அவனுக்கும் இருந்தது.

"புகழேந்தி, அடைக்க வேண்டாம்" என்றான் இப்போது. "கல்லைத் திருப்பிப் போட்டு வெட்ட முடியுமா?"

"பின்பக்கமா? பாலிஷ் கெடையாதே. சொரசொரன்னு இருக்கும். கையால வெட்டணும். நாளைச் சாயங்காலத்துக்குள்ளன்னா ஒரு பத்துப் பன்னெண்டு எழுத்து வெட்டலாம். அதுக்கு மேல என்னால ஆகாது."

"பத்து போதும்."

தங்கச்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மாப்ள சொல்றீக?"

"பேரு மட்டும் போடுவோம் மாமா. அவ அப்படித்தான் கேட்டா. ஆஸ்பத்திரியில வச்சு எங்கிட்டச் சொன்னா. நான் சரின்னேன். உங்ககிட்டச் சொல்லாம விட்டது என் தப்பு."

"இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"அன்னைக்கே ஞாபகம் இருந்துச்சு. சொல்லல."

தங்கச்சாமியின் முகம் மாறிவிட்டது. சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"எங்க அய்யா அடுத்தவன் காட்டுல களை வெட்டிக்கிட்டே செத்தாரு. எங்க தாத்தனும் அப்படித்தான். எங்க பொதைச்சாகன்னு கேட்டா எனக்கே இடம் தெரியாது. எங்க வம்சத்துல பேரு வெட்டுன கல்லு ஒருத்தனுக்கும் கெடையாது. மொதக் கல்லு இது. அதுவும் எம்மகளுக்கு. அதைக் குப்புறக் கவுத்துவீகளா? பேரை மட்டும் போட்டா எம்மக யாருன்னு எவனுக்குத் தெரியும்? செத்துப் போனவள்ல ஒருத்தின்னு போயிருவான்."

அன்பரசன் அவள் சொன்னதை அப்படியே சொன்னான். பேரு போதும் என்றதை. எம்.எஸ்சி. என்றா கூப்பிடுவார் என்று கேட்டதை.

தங்கச்சாமியின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. "அவ வாயி" என்றார். அப்படியே திரும்பி, வாசலைத் தாண்டி டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

புகழேந்தி மணி பார்த்தான். "அண்ணே, பத்தாகுது. ஒண்ணு அடைக்கணும், இல்ல திருப்பணும். எதாவது ஒண்ணு சொல்லுங்க."

"மாமா வரட்டும்."

"வரலைன்னா?"

"வருவார்."

அரை மணி நேரம் கழித்து வந்தார். டீ குடித்த மாதிரி தெரியவில்லை. வேட்டி முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. பக்கத்துக் கோயிலுக்குப் போய் முழங்கால் போட்டிருக்க வேண்டும். நேராக அன்பரசன் முன்னால் வந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கேன். பூசாம மொழுகாமச் சொல்லுங்க. அவ எந்திரிப்பான்னு நீங்க நம்புறீகளா? இல்ல, அவ சொன்னான்னு எங்கிட்ட ஒப்பிக்கிறீகளா?"

அன்பரசன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். ஜூலையிலிருந்து ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறான். எல்லோரோடும் சேர்ந்து வாய் அசைக்கிறான். யாரும் அவனை நிறுத்தி இப்படிக் கேட்டதில்லை. இல்லை என்று சொன்னால், அந்தக் கல்லில் ஏழு வரி என்ன, எழுபது வரி வெட்டினாலும் அது கல்தான். கீழே இருப்பது மண்தான். அவளுடைய எம்.எஸ்சி.யும் கேடயமும் அவள் காத்த அத்தனை கைகளும் ஒரு தேதியில் வந்து முட்டி நின்றுபோகும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற விதம் அவனுக்கு ஞாபகம் வந்தது. வராத லோடுக்காக அவள் ஒரு நாளும் வாசலில் உட்கார்ந்ததில்லை.

"நம்புறேன்" என்றான். வாய்க்குள்ளேயே.

"கேக்கல."

"எந்திரிப்பா மாமா." இந்தமுறை சுண்ணாம்பு அடிக்கிறவர்களுக்கும் கேட்டது. "எந்திரிப்பா."

தங்கச்சாமி புகழேந்தியிடம் திரும்பினார்.

"ஏலே, பேருக்குக் கீழ அதைப் போடு."

"எதை?"

"இப்பச் சொன்னார்ல, அதை. எந்திரிப்பான்னு. எம்.எஸ்சி. நம்ம ஊருல இன்னும் நாலு பேரு படிச்சிருவான். படிக்கட்டும், நல்லதுதான். ஆனா செத்தவளைப் பாத்து இப்படிச் சொல்ல எம்புட்டுப் பேருக்குத் தைரியம் வரும்? அதை விடப் பெரிய பட்டமாலே இருக்கு?"

"கல்லுல போடுறதுன்னா 'எழுவாள்'னு போடுவோமா அண்ணே?" புகழேந்தி அன்பரசனைக் கேட்டான். விரலை மடக்கி எண்ணினான். "பேரு ஆறு, இது நாலு. பத்து எழுத்து. கணக்காத்தான் இருக்கு. தேதி?"

"வேண்டாம்."

"பொறந்தது?"

"ஒண்ணும் வேண்டாம்."

"காலண்டர்க்காரர் வீட்டுக் கல்லுல தேதி இல்லையா! வெளிய சொல்லாதீக, என் பொழப்புப் போயிரும்."

கல்லைத் திருப்புமுன் தங்கச்சாமி தங்க எழுத்துகளின் மேல் மூன்று விரலையும் வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தடவினார். அவசரப்படவில்லை. "இம்புட்டும் உன்னைப் பாத்து இருக்கட்டும் தாயி. வெளிய இருக்கிறவனுக்கு அது எதுக்கு?" என்றார். பிறகு நாலு பேரோடு அவரும் ஒரு மூலையைப் பிடித்தார். லோடு தூக்கிய தோள். கல் புரண்டது.

புகழேந்தி இருட்டும்வரை வெட்டினான். மறுநாள் காலையில் வந்து மிச்சத்தை முடித்தான். சாம்பல் நிறச் சொரசொரப்பில் எழுத்துகள் வெள்ளையாக விழுந்தன. பளபளப்பு இல்லை. மத்தியானத்துக்குள் கல்லை மேட்டில் பொருத்திவிட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் தோட்டம் முழுக்கச் செவ்வந்திப் பூவும் மெழுகுவத்தியும். எல்லாக் கல்லும் மினுங்கியது. பானுப்பிரியாவின் கல் மட்டும் மினுங்கவில்லை. இரண்டு மூன்று பேர் அதைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். தங்கச்சாமி கையைக் கட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்றார்.

அப்போது கம்பெனி வேன் வந்து வாசலில் நின்றது. தீபாவளி லீவு. வேன் வரவேண்டிய வேலையே இல்லை. பெண்கள் இறங்கினார்கள். பானுவின் அறைகளில் வேலை பார்த்தவர்கள். முன்னால் வந்தவள் பாண்டிமீனா. நெற்றியில் திருநீறு, கையில் பூப்பை. கல்லறைத் தோட்டத்துக்குள் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.

"டிரைவரண்ணன் லீவுலயும் வண்டி எடுத்தாரு. எங்கள எல்லாம் கூட்டியாந்தாரு" என்றாள் அன்பரசனிடம். கல்லைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். "எழுவாள்." திரும்பவும் படித்தாள். "நெசமாவா சார்?"

"நெசமாத்தான்."

"மேடம் எங்ககிட்டயும் சொல்லியிருக்காக. நாங்க சிரிச்சிருக்கோம். 'சிரிங்கடி, அன்னைக்கும் வாசல்ல நாந்தான் ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பேன்'னாக." பூவை வைத்தாள். கும்பிடுவதா முத்தமிடுவதா என்று தடுமாறினாள். பிறகு குனிந்து, வலது உள்ளங்கையைக் கல்லின் மேல் பதித்து, ஒரு மூச்சு நேரம் வைத்திருந்து எடுத்தாள். ஒவ்வொரு நாள் காலையிலும் செம்புத் தகட்டில் வைக்கிற மாதிரி.

பின்னால் வந்தவளும் அப்படியே செய்தாள். அதற்கடுத்தவளும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. வரிசை தானாக வந்தது. தங்கச்சாமி கையை அவிழ்த்துவிட்டு அந்தக் கைகளைப் பார்க்க ஆரம்பித்தார். பெட்டி எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது. முப்பத்திரண்டு பேர். அலுமினியத் தூள் படிந்து நகக்கண் கறுத்த கைகள். ஒரு கையிலும் ஒரு விரலும் குறையவில்லை.

அன்பரசன் மெழுகுவத்தியைப் பிடித்தபடி கல்லருகில் உட்கார்ந்தான். வேலைப் பழக்கம். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் பார்த்தான். பா, னு, ப், பி, ரி, யா. எ, ழு, வா, ள். மெழுகு உருகி மணிக்கட்டில் விழுந்தது. சுட்டது. ஜூலைக்குப் பிறகு அவனுக்கு ஒன்று சுடுவது அதுதான் முதல் தடவை. கையை எடுக்காமல் வைத்திருந்தான். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அந்தச் சூடுதான் காரணம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

சாமியார் வந்தார். மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார். கல்லைப் படித்துவிட்டு இன்னொரு முறையும் தெளித்தார். அடுத்த கல்லறைக்குப் போனார்.

அடுத்த கல்லறைக்காரர் விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருப்பவர். தங்கச்சாமியைத் தெரியாது. எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "யாருங்க இது? படிச்ச புள்ளையா? தேதி ஒண்ணும் காணோமே. எப்பத் தவறுனாக?"

அன்பரசன் மாமனாரைப் பார்த்தான். ஏழு வரியையும் அவர் இப்போது சொல்லிவிடுவார் என்றே நினைத்தான். மனப்பாடம்தானே.

தங்கச்சாமி தோளை நிமிர்த்தினார்.

"எம்மக" என்றார். "தவறுனதை விடுங்க. எந்திரிக்கப் போறா. அதைக் கேளுங்க."